பிசான நெல்லுக்கு முன்விலை: எப்போது பேசலாம், எப்போது பொறுக்கலாம்?

தை பிறந்துவிட்டால் நெல்லை மாவட்டத்தின் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்துக் கால்வாய்ப் பாசன ஊர்களில் நெல் தரகர்களின் மோட்டார் சைக்கிள்கள் வரப்போரம் நிற்க ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழிக்குள் நட்டுப் பங்குனி வாக்கில் அறுக்கும் பிசானப் பயிர் அப்போது பொதியில் இருக்கும், அல்லது கதிர் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். அறுவடைக்கு ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ பாக்கி. "அண்ணாச்சி, 40 கிலோ மூட்டை 900 என்று இப்போதே முடித்துக்கொள்வோம். ஏக்கருக்குப் பத்தாயிரம் முன்பணம் இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பேச்சு தொடங்கும்.

இந்தப் பேச்சுக்குச் சரி சொல்வதா, களத்தில் அன்றைய விலைக்குக் கொடுப்பதா, அரசுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோவதா, காயவைத்து ஆனி வரை இருப்பு வைப்பதா என்பதுதான் கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர் முழுதாக வெளிவரும் முன் யாரும் மூட்டைக் கணக்கில் வாக்குக் கொடுக்கக் கூடாது. வந்த பிறகும் எதிர்பார்க்கும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேசக் கூடாது. அதையும் அரசு விலையிலிருந்து நம் கைச்செலவைக் கழித்துப் பார்த்து, வரும் தொகைக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே பேச வேண்டும். ஆனால் குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

எந்த விலை நல்ல விலை என்று முடிவு செய்ய, நம் நெல் நமக்கு என்ன விலையில் அடங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உழவு, நாற்று, நடவு, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 38,000 ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தொகை. உங்கள் நோட்டில் இருப்பதை இதன் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நெல் 57 மூட்டை கிடைத்தால் மூட்டைக்கு 667 ரூபாய் அடக்கம். அதே வயலைக் குத்தகைக்கு எடுத்து, நில உரிமையாளருக்குப் பாட்டமாக 12,000 ரூபாய்க்குச் சமமான நெல் அளப்பவருக்கு அடக்கம் 877 ரூபாய். பக்கத்துப் பக்கத்து வயலில் ஒரே ரகத்தை நட்ட இருவரில் ஒருவர் 900 ரூபாயைக் கேட்டுச் சிரிப்பார், இன்னொருவர் யோசிப்பார். இரண்டு பேர் செய்வதும் சரிதான்.

அடுத்து அரசு விலை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு (100 கிலோ) 2,369 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் குறைந்தபட்ச ஆதரவு விலையாக அறிவித்தது. அதன்மேல் தமிழக அரசு சாதாரண ரகத்துக்கு 131 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக சாதாரண ரகம் 2,500, சன்னம் 2,545. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய், 1,018 ரூபாய் என்று வந்தது. இனி வரும் கணக்கு அந்தப் பருவத்தின் 1,000 ரூபாயை வைத்துத்தான்.

முன்விலை பேசுவதன் ஆதாயமே, அறுவடை நேரத்தில் விலை விழுந்தாலும் நமக்கு விழாது என்பதுதான். பிசான அறுவடை வரும்போது டெல்டாவின் சம்பா, தாளடி நெல்லும் சந்தையில் குவிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் விலை அழுந்துவது ஆண்டுதோறும் பார்ப்பதுதான். ஆனால் அரசு விலை என்று ஒன்று இருக்கும்போது, அதற்குக் கீழே விழாமல் இருக்கும் பாதுகாப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருக்கிற பாதுகாப்பைத் தரகரிடம் இன்னொரு முறை விலை கொடுத்து வாங்குவானேன்? நெல்லுக்கு முன்விலை பேசும்போது பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

900 ரூபாய் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஏக்கருக்கு 60 மூட்டை என்றால் தரகர் தருவது 54,000. அரசு நிலையத்தில் 60,000. ஆனால் நிலையத்துக்கு நெல் தானாகப் போய்ச் சேராது. காயவைக்கும் ஆள் கூலி, டிராக்டர் வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, முறை வரும்வரை இரவில் காவல், ரசீதில் வராத சில்லறைச் செலவு எல்லாவற்றுக்கும் மூட்டைக்கு 40 ரூபாய் போட்டால் 2,400 கழியும். மீதி 57,600. தரகரிடம் கொடுத்தால் 3,600 ரூபாய் நஷ்டம். அவர் இரண்டு மாதம் முந்தித் தரும் பத்தாயிரத்துக்கு நாம் கொடுக்கும் வட்டி அதுதான். நூற்றுக்கு மாதம் 18 வட்டி! அடகுக் கடைக்காரர்கூட இப்படிக் கேட்கத் தயங்குவார். அவசரத்துக்குப் பத்தாயிரம் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து வாங்குவது எவ்வளவோ மலிவு.

இதோடு கணக்கை மூடிவிட்டுத் தரகரைத் திட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த 60 மூட்டை எந்த நெல்?

இயந்திரம் அறுத்துக் கொட்டும்போது நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியிருப்பது சாதாரணம். கொள்முதல் நிலையம் ஏற்கும் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான். மழைக்காலத்தில் சில ஆண்டுகள் தளர்த்தியிருக்கிறார்கள், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. 21 சதவீத ஈரத்தில் 60 மூட்டையாக நின்ற நெல், 17-க்குக் காய்ந்ததும் 57 மூட்டையாகிவிடும். நெல் எங்கும் போகவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. இப்போது அரசு நிலையத்தில் கிடைப்பது 57,000. செலவு 2,280 போக 54,720. தரகர் வயலிலிருந்து ஈர நெல்லாகவே எடைபோட்டு 60 மூட்டைக்கு 900 வீதம் கொடுத்தால் 54,000. வித்தியாசம் வெறும் 720 ரூபாய். சற்று முன் கொள்ளை என்று தோன்றிய பேச்சு இப்போது ஏறக்குறைய நியாயமாகத் தெரிகிறது. காய்ந்த நெல் கணக்கில் பார்த்தால் அவர் கொடுப்பது மூட்டைக்கு 947 ரூபாய். நிலையத்தில் செலவு போகக் கைக்கு வருவது 960.

ஆகவே விலையைக் கேட்கும் முன் எடையைக் கேளுங்கள். ஈர நெல் எடையா, காய்ந்த நெல் எடையா? ஈரத்துக்கென்று மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ கழிப்பாரா? மூட்டை என்றால் 40 கிலோவா, வியாபாரியின் பெரிய சாக்கா? சாக்கின் எடை யார் தலையில்? எடை யாருடைய தராசில்? இந்த ஐந்துக்கும் பதில் வாங்காமல் 900-ஐயும் 1,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்றால் அதுவே ஐந்து சதவீதம். 900 ரூபாய் உடனே 855 ஆகிவிடும்.

முன்பேச்சில் வேறொரு வகையும் உண்டு. மூட்டைக் கணக்கு இல்லாமல், நிற்கும் பயிரை வயலோடு மதித்து ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது. இதில் விளைச்சல் குறைந்தால் நஷ்டம் வாங்குபவருக்கு. மூட்டைக் கணக்கில் பேசினால் விலை மட்டும்தான் உறுதி. விளைச்சல் குறைந்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. வயலோடு பேசும்போது அனுபவமுள்ள கண் நம்முடையதா தரகருடையதா என்பதைப் பொறுத்து லாபம் யாருக்கு என்று தீர்மானமாகும். ஒரு நாளைக்கு நாற்பது வயலைப் பார்க்கிறவர் அவர். எனக்கு இந்த வகையில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் பயிர் சாயும் ரகமாக இருந்து, அறுவடை நேரத்தில் ஊரில் இருக்க முடியாதவராகவும் இருந்தால் இதில் நிம்மதி உண்டு என்பதை மறுக்க மாட்டேன்.

இனி எப்போது என்ற கேள்வி. பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து நடவு முடியும் கார்த்திகை, மார்கழியிலேயே சிலர் முன்பணம் வாங்குகிறார்கள். உரச் செலவுக்குக் காசு வேண்டியிருக்கும், காரணம் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் வாக்குக் கொடுக்க நம் கையில் என்ன இருக்கிறது? வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, ஆற்றோரத்து வயல்கள் மூழ்கின. அந்த ஆண்டு கார்த்திகையில் முப்பது மூட்டை தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் ஒருவர் இருந்திருந்தால், பயிரும் போய், வாங்கிய முன்பணமும் கடனாக நின்றிருக்கும். முன்விலை என்பது விலை அபாயத்துக்குத்தான் மருந்து. விளைச்சல் அபாயம் தீராதவரை அந்த மருந்தே நோயாகிவிடும்.

பொங்கல் முடிந்தால் நிலைமை வேறு. பருவமழை ஓய்ந்திருக்கும். 143 அடி பாபநாசம் அணையும் 118 அடி மணிமுத்தாறும் எவ்வளவு நிற்கின்றன என்பது தினமும் செய்தித்தாளில் வருகிறது. பங்குனி வரை கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வயலில் இறங்கி, ஒரு குத்தில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, பூச்சி தின்ற வெண்கதிர் எவ்வளவு என்று நான்கு இடத்தில் எண்ணிப் பார்த்தால் விளைச்சல் ஏறக்குறையப் பிடிபட்டுவிடும். பூத்து முடிந்து பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு கதிரை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். எத்தனை மணியில் பால் வருகிறது, எத்தனை வெறும் சாவியாக, அதாவது பதராகப் போகும் என்பது அங்கேயே தெரியும். பேச வேண்டிய நேரம் அதுதான். தரகரும் அந்த நேரத்தில்தான் சற்று இறங்கி வருவார், ஏனென்றால் அவருடைய பயமும் பாதி தீர்ந்திருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு என்று நான் சொல்வதற்குப் பெரிய சாத்திரம் எதுவும் இல்லை. அறுவடை இயந்திர வாடகை, உரக்கடைப் பாக்கி, சங்கத்துக் கடன் என்று உடனடியாகக் கொடுக்க வேண்டியதைப் பெரும்பாலும் அந்தப் பங்கு ஈடுகட்டும். பயிர் பாதியாகக் குறைந்தாலும் சொன்ன மூட்டையைக் கொடுத்துவிட முடியும். விலை ஏறினால் மீதி இரண்டு பங்கு நம்மிடம் இருக்கிறது.

விலை ஏறுமா இறங்குமா என்று ஊகிப்பதைத் தொழிலாக வைத்துக்கொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது. 2023 ஜூலையில் மத்திய அரசு பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது, அக்டோபரில் புழுங்கல் அரிசி வரியும் போனது. இவற்றில் எதையும் வரப்பில் உட்கார்ந்து யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. விலை ஏறும் என்று எண்ணி முழுவதையும் பிடித்துவைப்பதும், விழும் என்று பயந்து முழுவதையும் முன்கூட்டிப் பேசுவதும் ஒரே சூதாட்டத்தின் இரண்டு பக்கம்.

பின்னால் கொடுக்கும் சரக்குக்கு இன்றே விலை முடிக்கும் முன்பேர வர்த்தகச் சந்தை வெளிநாட்டு விவசாயிகளுக்கு இருக்கிறதே, நமக்கு இல்லையா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நெல் அந்தச் சந்தையில் பெயரளவில் இருந்தது. 2021 டிசம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பாசுமதி அல்லாத நெல் உட்பட ஏழு விளைபொருள்களின் முன்பேர வர்த்தகத்தை நிறுத்திவைத்தது. பிறகு அந்தத் தடை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. மூன்று ஏக்கர்க்காரருக்கு அது ஒருநாளும் எட்டியதில்லை என்பதால் பெரிய இழப்பு என்று சொல்ல முடியாது.

இருப்பு வைப்பதைப் பற்றி. பங்குனியில் விற்காமல் ஆனியில் விற்றால் நல்ல விலை என்பது எல்லோரும் சொல்வது. ஏறுவதும் உண்டு. எவ்வளவு ஏற வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 17 சதவீத ஈரத்தில் நெல்லைக் கட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும், நிறம் மாறும். 14-க்குக் கொண்டுவர வேண்டும். அதில் 60 மூட்டை 58-க்குச் சற்றுக் குறைவாகிவிடும். 60,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி, ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலும் 1,800. அடுக்க, எடுக்க, வாடகைக்கு மூட்டைக்குப் பதினைந்து ரூபாய் வீதம் 900. இவ்வளவும் போக, பங்குனியில் 1,000 ரூபாய்க்கு விற்றதற்குச் சமமாக வர வேண்டுமானால் ஆனியில் 1,083 ரூபாய் கிடைக்க வேண்டும். எலியும் அந்துப்பூச்சியும் தின்பதை நான் சேர்க்கவே இல்லை. அதற்கு மேல் ஏறினால்தான் முதல் ரூபாய் லாபம்.

அம்பை 16 போன்ற குண்டு ரகத்துக்கு இந்த ஏற்றம் கிடைப்பது கடினம் என்பது என் எண்ணம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் அது. இட்லிக்கு அதை மிஞ்ச வேறில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பழைய அரிசிக்கென்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் சன்ன ரகத்தைத்தான் தேடுகிறார்கள். சன்னம் போட்டவர்கள், வீட்டில் காற்றோட்டமான இடம் இருந்தால், ஒரு பங்கை வைத்துப் பார்க்கலாம். இடம் இல்லாதவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கு இருக்கிறது. நெல்லை அங்கே வைத்து, மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாக வெளிவட்டியைவிடக் குறைந்த வட்டிக்கு வாங்கலாம். தரகரின் முன்பணத்துக்கு உண்மையான மாற்று இதுதான். இதை அதிகம் பேர் பயன்படுத்தாதது எனக்கு எப்போதும் வியப்பு. தூரமும், காகிதமும், 'யார் போய் நிற்பது' என்ற சலிப்பும்தான் காரணமாக இருக்க வேண்டும்.

குத்தகைதாரருக்கு வருகிறேன். கொள்முதல் நிலையத்தில் விற்க நில உரிமைக்குச் சிட்டா, பயிர்ச் சான்றாக அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு, இணையப் பதிவு எல்லாம் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவருக்கு அடங்கல் எங்கிருந்து வரும்? நில உரிமையாளர் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார், கையெழுத்துப் போடத் தயங்குவார். ஆகவே 1,000 ரூபாய் என்ற பாதுகாப்பு இவருக்குப் பெயரளவில்தான் இருக்கிறது. அடக்கம் வேறு 877. களத்தில் விலை 850-க்கு விழுந்தால் கைநஷ்டம். இவருக்கு ஈர எடையில் 900 என்பது நல்ல பேச்சு. மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பையும் இவர் தளர்த்திக்கொள்ளலாம், பாதிவரை போகலாம். உடைமையாளருக்கு நான் வேண்டாம் என்று சொல்லும் பேரத்தை இவருக்குச் சரி என்று சொல்வது முரண்பாடில்லை. காப்பாற்றிக்கொள்ள வேண்டியது இருவருக்கும் வேறு வேறு.

சங்கரன்கோவில், திருவேங்கடம் பக்கத்து மானாவாரி மக்காச்சோளம் இதற்கு நேர் எதிர். 2025-26-க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்று அறிவித்திருந்தாலும், நெல்லைப் போல ஊருக்கு ஊர் வாங்க நிலையம் கிடையாது. கோழித்தீவன ஆலைகள் கொடுப்பதுதான் விலை. தரைவிலை இல்லாத பயிருக்கு முன்விலையின் மதிப்பு கூடுதல். அங்கே கதிர் முற்றியதும் பாதியைப் பேசி முடிப்பதில் தவறில்லை. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் ஆலை திருப்பி அனுப்பும் என்பதால், எடை இறுதியாவது களத்திலா ஆலை வாசலிலா என்பதை மட்டும் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆலை வாசலில் என்றால் லாரி திரும்பி வரும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்து.

பேசினால் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019-இல் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய அதில் வழி இருக்கிறது. நிறுவனங்களோடு பேசும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். உள்ளூர்த் தரகரோடு பேசும்போது அவ்வளவு தூரம் போக மாட்டோம், உண்மைதான். ஒரு முழுத்தாளில் இரண்டு கையெழுத்தாவது இருக்கட்டும். ரகம், மூட்டை எண்ணிக்கை, மூட்டை எடை, ஈரக் கழிவு, சாக்கு, எத்தனை தேதிக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் என்ன, வெள்ளத்தில் போனால் முன்பணம் எப்படித் திரும்பும். இதில் தேதிதான் அதிகம் ஏமாற்றும். விலை ஏறினால் தரகர் அறுவடை அன்றே லாரியோடு வந்து நிற்பார். விழுந்தால் 'நாளைக்கு, மறுநாள்' என்று இழுத்தடித்து, நெல் களத்தில் கிடந்து கறுத்ததும் ரகம் சரியில்லை என்று விலையைக் குறைப்பார். எடுக்க வேண்டிய கடைசி நாளைத் தாண்டினால் முன்பணம் நமக்கே, நெல்லும் நமக்கே என்று ஒரு வரி இருந்தால் இந்த இழுவைக்கு இடமில்லை. இதற்கு ஒப்பாத தரகரோடு பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆவணி, புரட்டாசியில் அறுக்கும் கார் பருவ நெல்லுக்கு இதே கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம். தமிழகத்தில் கொள்முதல் பருவம் செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது, புதிய விலையும் அன்றிலிருந்துதான். 2025-இல் ஆகஸ்ட் வரை சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய், செப்டம்பரில் 2,500. மூட்டைக்கு 38 ரூபாய் வித்தியாசம். மத்திய அரசின் விலை பருவம் தொடங்குவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். மாநில ஊக்கத்தொகை அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. ஆகவே ஆடியில் கார் நெல்லுக்குப் பழைய விலையை வைத்துப் பேசவருபவரிடம், புதிய விலை அறிவித்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். ஆகஸ்ட் கடைசியில் அறுப்பவர்கள், வானம் வெளுத்திருந்தால், நான்கு நாள் நெல்லைத் தார்ப்பாயில் கிளறிக்கொண்டிருந்தாலே அந்த 38 ரூபாய் வந்துவிடும்.